எங்கள் வீட்டைப் பார்த்து நின்ற ஜீப்

அக்கா, இன்று காலை துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் விழுந்துவிட்ட பாப்பாவின் காலுறையைத் தேடிக் கையை விட்டபோது, அந்த டப்பா அகப்பட்டது. கிரீஸ் படிந்த கையைக் கழுவ நீங்கள் வாங்கி வைத்த பசை. பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்ததும் ஆரஞ்சுத் தோலை யாரோ பக்கத்தில் நின்று பிழிந்தது போல ஒரு வாசனை. விரலால் தொட்டுப் பார்த்தேன், உள்ளே இருக்கும் மணல் நறநறவென்றது.

பின்னாலேயே வந்து நின்ற பாப்பா மூக்கைச் சுருக்கி, "இட் ஸ்மெல்ஸ் லைக் ஆன்ட்டி" என்றாள்.

எந்த ஆன்ட்டி என்று நான் கேட்கவில்லை. ஹூஸ்டனை ஒட்டிய இந்தக் கேட்டி ஊரில் அவளுக்குத் தெரிந்த பெண்கள் எல்லோருமே ஆன்ட்டிதான். ஆனாலும் அவள் யாரைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு இப்போது ஐந்து வயது. நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. போன மாதம் ஊரிலிருந்து என் அம்மா வீடியோ காலில் வந்தபோது யாரென்று தெரியாமல் விழித்த குழந்தை, உங்கள் வாசனையை ஒரு டப்பாவில் கண்டுபிடிக்கிறாள். முதலில் எனக்கு வந்தது துக்கம் என்று எழுத ஆசைதான். வந்தது எரிச்சல். மூடியை அழுத்தி மூடினேன்.

இந்தக் கடிதத்தை நீங்கள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். அப்போது எழுதியிருந்தால் அதில் ஒரே ஒரு வரிதான் இருந்திருக்கும். இவ்வளவு தாமதமானதால் நீண்டுவிட்டது.

உங்களை முதலில் பார்த்தது ஜீப் வந்த அன்று. சான் அன்டோனியோ போகிற வழியில் ஏதோ ஒரு பண்ணையில் பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த வண்டி. காடு மேடு ஏறுகிற வண்டி என்று இவர் சொன்னார். டிரெய்லரிலிருந்து இறக்கியபோது அது தானாக இறங்கக்கூட முடியாத நிலையில் இருந்தது. தரை முழுக்கத் துரு. எஞ்சினுக்குள் குளவிக் கூடு. இவரும், இவர் நண்பர்கள் அன்வரும் செல்வினும் மூன்று பக்கம் நின்று தள்ள, நாலாவது பக்கம் நீங்கள். தலையில் கைக்குட்டை, காலில் ஆண்கள் போடுகிற பூட்ஸ். கோயம்புத்தூரில் இவரோடு மெக்கானிக்கல் படித்த இரண்டே பெண்களில் ஒருத்தி என்று கேள்விப்பட்டிருந்தேன். ஹூஸ்டனுக்கு வேலை மாற்றி வந்துவிட்டீர்கள் என்றும், தனியாக வீடு வாங்கிவிட்டீர்கள் என்றும் சொல்லியிருந்தார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சிரிப்பீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

"வாங்கக்கா" என்றேன்.

"அக்காவா? உன் வீட்டுக்காரனுக்கும் எனக்கும் ஒரே வயசு. அவனை அண்ணான்னா கூப்பிடற?" என்று அடியிலிருந்தே குரல் கொடுத்தீர்கள். செல்வின் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் அக்கா என்றே கூப்பிட்டேன். மரியாதைக்காக என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அது ஒரு வேலி.

அதன்பிறகு எல்லாச் சனிக்கிழமையும் எங்கள் வீட்டு வாசலில்தான். கராஜுக்குள் சாமான் அடைத்துக் கிடந்ததால், ஜீப்பை வெளியே டிரைவ்வேயில் நாலு இரும்புத் தாங்கிகள்மேல் தூக்கி வைத்தீர்கள். சக்கரங்கள் கழன்றன, பானெட் கழன்றது. நான் உள்ளே சமையலறையில் திராட்சைப் பழத்தை நான்கு நான்காக வெட்டிக்கொண்டிருப்பேன். இரண்டாக வெட்டினால் பாப்பாவுக்குத் தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம். ஜன்னல் வழியே உங்கள் பேச்சு வரும்.

"குமரா, பத்து எம்.எம். எங்கடா?"

"இப்பதான் இங்க வெச்சேன்."

"நீ காலேஜ்லயும் இதையேதான் சொன்ன. அந்த லேப்ல தொலைச்ச ஸ்பானரை இன்னும் தேடிட்டிருப்பாங்க."

"மக்கா, அத இவன் கல்யாணத்துக்கு சீரா கொடுத்துட்டான்லே" என்பார் செல்வின்.

உங்கள் குமரன் சிரிப்பார். வாரம் ஐந்து நாளும் ஆபீஸிலிருந்து வந்து 'ம்', 'சரி', 'பாத்துக்கலாம்' என்ற மூன்று வார்த்தையில் குடும்பம் நடத்துகிற மனிதர், ஒரு துருப்பிடித்த போல்ட்டைப் பற்றி உங்களோடு ஒரு மணி நேரம் பேசினார். எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற வைக்கலாமா, சூடு காட்டலாமா, வெட்டியே எடுத்துவிடலாமா. எங்களுக்கு இரண்டாவது குழந்தை வேண்டுமா என்ற பேச்சுக்குக்கூட அவர் அவ்வளவு நேரம் செலவு செய்ததில்லை.

தப்பாக எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் கஷ்டம். தப்பு இருந்திருந்தால் சண்டை போட ஒரு உரிமை கிடைத்திருக்கும். பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒரு வண்டியைச் சரிசெய்கிறார்கள் என்று யாரிடம் போய் முறையிடுவது? போதாததற்கு, பாப்பா என் மடியிலிருந்து நழுவி உங்களிடம் ஓடுவாள். ஒருநாள் அவள் கையில் ஒரு நட்டைக் கொடுத்து, "இது உன் வேலை, பத்திரமா வெச்சுக்கோ கண்ணு" என்றீர்கள். நான் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினேன். வாயில் போட்டுக்கொண்டால்? நீங்கள் உடனே "ஐயோ, ஆமால்ல. ஸாரி" என்றீர்கள். அன்று நான் சொன்னது நியாயம். ஆனால் பிடுங்கிய வேகத்தில் நியாயம் மட்டும் இல்லை. உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

பிறகு நான் செய்ததை எழுதுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை மதியம். இவர் ஆபீஸில். பாப்பா தூக்கம். மாடியில் அவள் அறை ஜன்னலில் நின்று கீழே பார்த்தேன். தாங்கிகள்மேல் சக்கரம் இல்லாத அந்த ஜீப். அது சரிந்து யார்மேலாவது விழும் என்று நான் பல நாள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி. போனை எடுத்தேன், ஒரு படம் பிடித்தேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின், அதுதான் எங்கள் தெருவில் எல்லோரும் பயப்படுகிற அந்த ஹெச்.ஓ.ஏ.வின் இணையப் பக்கத்தில், பெயர் சொல்லாமல் புகார் செய்ய ஓர் இடம் உண்டு. அதில் என் வீட்டு எண்ணையே போட்டேன். வாசலில் ஓடாத வண்டி, சிறு குழந்தைகள் நடமாடும் இடம், ஆபத்து என்று எழுதினேன். படத்தை இணைத்தேன். அனுப்பினேன்.

எழுதியதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதனால்தான் தயங்காமல் அனுப்ப முடிந்தது.

கடிதம் வந்தது. சனிக்கிழமை வாசலில் நின்று இவர் அதை உரக்கப் படித்தார். பத்து நாளுக்குள் வண்டியை அப்புறப்படுத்த வேண்டும். கடிதத்தின் கீழே சிறியதாக அந்தப் படம். இவர் படத்தைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து எதிர்வீட்டைப் பார்த்தார். அங்கே மனைவியை இழந்த ஒரு வயதான அமெரிக்கர் தனியாக இருக்கிறார், உங்களுக்குத் தெரியும். தினமும் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே எங்களுக்குக் கை காட்டுவார்.

"அவர்தான். வேற யாரு? நாள் முழுக்க வாசல்லயே நிக்கறாரே" என்றார் அன்வர்.

"கையக் காட்டிட்டே கழுத்த அறுத்துட்டாருலே" என்றார் செல்வின். அன்று முதல் அவருக்கு சி.பி.ஐ. என்று பெயர்.

நான் சமையலறையில் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீயில் சர்க்கரை போட்டேனா என்று யோசித்தேன்.

கடிதத்தை இவர் கையிலிருந்து வாங்கி நீங்கள் பார்த்தீர்கள். மற்றவர்கள் கத்திக்கொண்டிருக்க, நீங்கள் அந்தப் படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு நாலாக மடித்துப் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "நான் பதில் போட்டுக்கறேன், விடுங்கடா" என்றீர்கள். கை கழுவ உள்ளே வந்தீர்கள். இதே டப்பாவைத் திறந்து, பசையை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்தீர்கள்.

"வண்டியை என் வீட்டுக்குக் கொண்டு போயிடறேன். எங்க பக்கம் இந்தச் சங்கம் கிங்கம் எதுவும் இல்ல. உனக்கும் நிம்மதி."

"ஐயோ, எனக்கென்னக்கா" என்றேன்.

குழாயைத் திறந்தீர்கள். தண்ணீர்ச் சத்தத்தோடு சத்தமாக, என்னைப் பார்க்காமலேயே சொன்னீர்கள். "போட்டோ நல்லா எடுத்திருக்காங்க. ஹெட்லைட் ரெண்டும் க்ளியரா விழுந்திருக்கு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. ஜீப்பின் முகம் எங்கள் வீட்டைப் பார்த்து நின்றது. எதிர்வீட்டிலிருந்து எடுத்திருந்தால் அதன் முதுகுதான் தெரிந்திருக்கும். இரண்டு ஹெட்லைட்டும் விழும்படி அந்தப் படத்தை எடுக்க முடிந்த ஒரே இடம் எங்கள் வீடு.

நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த டப்பா இங்கயே இருக்கட்டும். அவன் கை எப்பவும் அழுக்குதான்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அவ்வளவுதான். அதைப் பற்றி அதற்கு முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை.

என் திட்டத்தின் அழகைப் பாருங்கள். அதுவரை என் வாசலில், என் ஜன்னலுக்குக் கீழே நடந்துகொண்டிருந்த சனிக்கிழமை, ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம் உங்கள் கராஜுக்குப் போய்விட்டது. முன்பு சிரிப்புச் சத்தமாவது கேட்டது. இப்போது அதுவும் இல்லை. காலையில் போகிறவர் இருட்டும்போது ஆரஞ்சு வாசனையோடு வருவார். "என்ன ஆச்சு?" என்றால் "ம், ஃப்ளோர் வெல்டிங் முடிஞ்சுது" என்பார். உங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள், யார் சமைத்தார்கள் என்று கேட்க நாக்கு துடிக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன். "பீட்ஸா" என்றார். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. நான் மூன்று விதமாகப் பொரியல் செய்கிற வீட்டில் பாதி வைத்துவிட்டு எழுந்திருப்பவர், அங்கே ஆறிய பீட்ஸாவைச் சந்தோஷமாகச் சாப்பிட்டிருக்கிறார்.

பிறகு நீங்களே போன் செய்தீர்கள். "இந்த வாரம் பிரேக் வேலை. அன்வருக்கும் செல்வினுக்கும் வர முடியல. நீ வா, பாப்பாவையும் கூட்டிட்டு வா."

வேவு பார்க்கத்தான் வந்தேன், ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்தது வேறு. கராஜ் தரை கூட்டித் துடைத்திருந்தது. ஓர் ஓரத்தில் புதுப் பாய், அதன்மேல் கலர் பென்சில்கள். குழந்தையே இல்லாத உங்கள் வீட்டில், தாழ இருந்த அத்தனை பிளக் பாயின்ட்டிலும் குழந்தை விரல் போகாமலிருக்க பிளாஸ்டிக் மூடி மாட்டியிருந்தீர்கள். வழியெல்லாம் அதைத்தான் நினைத்துப் பயந்துகொண்டே வந்தேன். அதைக்கூட என்னைவிட முன்னால் நீங்கள் நினைத்துவிட்டீர்கள். நன்றி சொல்ல வாய் வரவில்லை.

என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தீர்கள். பிரேக் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் அடியில், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து, காற்றுக் குமிழும் எண்ணெயும் வெளியே வந்ததும் மூட வேண்டும்.

"நான் ஓகே சொல்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. பெடல் அப்படியே உள்ள போகும், பயப்படாத. நடுவுல எடுத்தா வெளிய போன காத்து திரும்ப உள்ள வந்துடும். மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அடியில் போனீர்கள். இவர் விளக்கைப் பிடித்துக்கொண்டார்.

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

"பிடி."

பெடல் என் காலுக்குக் கீழே உயிருள்ளது போல இறங்கியது. அந்த நேரம் பாப்பா தும்மினாள். நான் திரும்பினேன், கால் வந்துவிட்டது.

"போச்சு" என்றார் இவர்.

"டேய், சும்மா இரு. பரவால்ல, மறுபடி" என்றீர்கள். மூன்று முறை கால் எடுத்தேன். மூன்று முறையும் அதே குரலில் அதே "பரவால்ல, மறுபடி." நானாக இருந்தால் முதல் தடவையே முகத்தைக் காட்டியிருப்பேன். உங்களிடம் எனக்கு மிகவும் பொறாமையாக இருந்தது எது என்று கேட்டால், அந்தக் குரல்தான்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை செய்யும் இடத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்களாம். எழுந்திருக்கவில்லை. செல்வின்தான் போன் செய்தார். இவர் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பத்து வருஷத்தில் நான் கேட்காத சத்தம். வெளியே நின்று நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் போனால் இப்படி அழுவாரா என்று. செத்துப்போன ஒருத்தியிடம் பொறாமைப்படுவதற்குக் கீழே இன்னொரு படி இல்லை. அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

நியூ ஜெர்ஸியிலிருந்து உங்கள் தம்பி வந்து வீட்டைக் காலி செய்தார். ஜீப் எங்களிடமே திரும்பி வந்தது, இந்த முறை கராஜைக் காலி செய்து வைத்திருந்தோம். அன்று நல்ல மழை. எதிர்வீட்டுப் பெரியவர் நனைந்துகொண்டே இரண்டு நீளப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார், டிரெய்லரிலிருந்து இறக்க உதவும் என்று. இவர் "நோ, தேங்க்ஸ்" என்றார், முகத்தைப் பார்க்காமல். அவர் பலகைகளோடு திரும்பிப் போனதை நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். அதே ஜன்னல்.

இவர் குளிக்கப் போனதும் நான் கராஜுக்கு ஓடி, ஜீப்பின் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து தேடினேன். இருந்தது. நாலாக மடித்த அந்தக் கடிதம். பிரித்தேன். கீழே படம் இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. கத்தரியால் நேராக, சுத்தமாக வெட்டி எடுத்திருந்தீர்கள். யார் எப்போது பிரித்துப் பார்த்தாலும் ஹெட்லைட் கண்ணில் படக் கூடாது என்று.

கையில் அந்த ஓட்டையோடு உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருப்பதில்கூட என்னை இவ்வளவு தூரம் பின்னால் விட்டுப் போக வேண்டுமா அக்கா?

அதன்பின் மாதக்கணக்கில் வண்டியை யாரும் தொடவில்லை. அன்வர் கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போன வாரம்தான் செல்வின் போன் செய்து, "அவ ஆசப்பட்ட வண்டி மக்கா, ஒருக்கா ரோட்ல ஓட்டிரணும்" என்றார். அடுத்த சனிக்கிழமை என்று முடிவானது. நின்று நின்று பிரேக்கில் மறுபடி காற்று ஏறிவிட்டது. இன்று மதியம் இவர் வாசற்படியில் தயங்கி நின்றார்.

"ஒரு அரை மணி நேரம் வர்றியா? பெடலுக்கு ஆள் வேணும்."

காலையில் அந்த டப்பாவை எடுத்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பேனோ. போனேன். பாப்பா கராஜ் படியில் உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள். இவர் அடியில் போய்விட்டார். எனக்கு அவர் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அவருக்கு நான் தெரியவே இல்லை. கராஜ் கதவு திறந்திருந்தது, எதிரே பெரியவர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

"பிடி."

பெடல் இறங்கியது. பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஹெச்.ஓ.ஏ. கம்ப்ளெய்ன்ட் அவர் பண்ணல. நான்தான் பண்ணேன்."

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. எண்ணெய் பாட்டிலுக்குள் சொட்டுகிற சத்தம் மட்டும். என்னைத் திட்டுவார், ஏன் என்று கேட்பார், வெளியே வருவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது இது:

"அவளுக்குத் தெரியுமா?"

பார்த்தீர்களா? முதல் கேள்வியே உங்களைப் பற்றித்தான். இவ்வளவுக்குப் பிறகும் எனக்குச் சுருக்கென்றது.

"தெரியும். அன்னிக்கே."

"எதுவும் சொல்லலையே என்கிட்ட."

"என்கிட்டயும் சொல்லல."

தொடை நடுங்கத் தொடங்கியது. அவர் ஓகே சொல்லவில்லை. திருகை மூடினாரா இல்லையா என்று தெரியவில்லை. எடுத்தால் காற்று ஏறிவிடும். பாப்பா படியிலிருந்து, "அம்மா, கேன் ஐ ஹேவ் வாட்டர்?" என்றாள். நான் திரும்பவில்லை. "இரு கண்ணு, அம்மா கால் எடுக்கக் கூடாது" என்றேன். இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, மூக்கை உறிஞ்சியதா, தெரியவில்லை.

"ஓகே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பரவால்ல. மறுபடி மிதி."

உங்களிடமிருந்து கற்றுக்கொண்ட வார்த்தை. வாங்கிக்கொண்டேன்.

நாலு சக்கரமும் முடிந்தது. இவர் உள்ளே வந்து உங்கள் பசையைப் போட்டுக் கை கழுவினார். தெருவைக் கடந்து போனார். பெரியவர் குழாயை மூடிவிட்டு நின்றார். இவர் தலையைக் குனிந்து ஏதோ சொன்னார், அவர் இவர் தோளில் கை வைத்தார். திரும்பி வந்தவரிடம் "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"தப்பு எங்க வீட்டுலதான்னு சொன்னேன்."

நீ என்று சொல்லவில்லை. கோபம் இல்லை என்று அர்த்தமில்லை, இன்றைக்கு என் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். மிச்சம் இனிமேல் வரும். வரட்டும்.

அடுத்த சனிக்கிழமை ஜீப் ரோட்டுக்கு வரும். செல்வின் பக்கத்து சீட்டைக் காலியாக விடச் சொல்கிறார், உங்களுக்காக. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் நான் உட்காரப் போகிறேன், உங்களுக்குப் பதிலாக இல்லை, எனக்காக. நீங்கள் இருந்திருந்தால் என் பக்கம்தான் பேசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்களும் எப்போதாவது, சனிக்கிழமை இருட்டிய பிறகு எல்லோரும் கிளம்பிப் போனதும், என்மேல் பொறாமைப்பட்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். அப்படி நினைக்க ஒரு ஆதாரமும் என்னிடம் இல்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுதி முடிக்க மாட்டேன். அந்தச் சதுர ஓட்டையோடு கடிதம் என் அலமாரியில், பாப்பாவின் பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே இருக்கிறது. டப்பாவைச் சிங்க்கின் பக்கத்திலேயே வைத்துவிட்டேன், பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில். வலது தொடை இன்னும் வலிக்கிறது அக்கா. நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். ஓகே வரும்வரை காலை எடுக்கவில்லை.